கொம்பில் பதிந்த கட்டைவிரல்

பள்ளிகளுக்குப் பிளாஸ்டர் மாதிரிகள் செய்யும் எங்கள் பட்டறையில் அன்றைக்கு அப்பா, சித்தப்பா, நான் என்று மூன்று பேர்தான் இருந்தோம். நேற்று மகளின் பள்ளியில் ஒரு பிளாஸ்டர் மண்டையோட்டைக் கண்டதும் ஈரப் பிளாஸ்டர் வாடை மூக்கில் ஏறியது.

என்றோ அழிந்துபோன குளம்பு மிருகத்தின் மாதிரி அது. மூக்கின் மேல் கவட்டைபோல் கொம்பு. அன்றைக்கு ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான், பட்டறையில் அதன் கொம்பை, இறுகும் பிளாஸ்டரின் சூடு பார்க்கத் தொட்டேன். கட்டைவிரல் பதிந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்காரக வேண்டாம்னுட்டாக. எல்லாம் ஒன்னாலதான். இனிப் படிப்பெதுக்கு? இங்கனயே பிளாஸ்டர் மாவு கொழை," என்று இரண்டு நாள் கழித்து அப்பா சொன்னார். சித்தப்பா குனிந்து மாவைச் சலித்துக்கொண்டிருந்தார்.

நேற்று அதே கொம்பில் அதே பள்ளம். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"வேண்டாம்னு யாரும் சொல்லல, விரல் பதிஞ்ச மறுநாளே வாங்கிக்கிட்டாக ஆத்தா. பட்டறைக்கு ஆள் வேணும்னுதான் ஒங்கப்பா அப்படிச் சொன்னாக."

அந்த விரல் தடத்துக்காக அப்பா சாகும்வரை அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும், "போகுது, விடு ஆத்தா" என்பார்.