மஞ்சள் சட்டை

அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவனை எந்த ஊரிலும் வா என்று கூப்பிட மாட்டார்கள். நாய் மட்டும்தான் எதிர்கொண்டு வரும். வரி வசூலுக்கும் ஜப்திக்கும் போய் வந்த அன்பர்களுக்கு இது நன்றாகவே புரியும். வேலை என்னவோ சின்னதுதான். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்த அம்மைப்பாலை ஒரு சொட்டு கையில் வைத்து, ஊசித் தகட்டால் ஒரு திருகு. அந்த இடத்தில் கொப்புளம் எழும்பினால் பெரியம்மை அந்தப் பிள்ளையை அண்டாது.

ஆளில்லாத தெரு

கீரமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். பட்டப்பகலில் தெருவில் ஒரு மனிதர் இல்லை. அடுப்புகள் புகைந்தன, ஒரு வீட்டில் வெறும் தூளி ஆடிக்கொண்டிருந்தது. என் சைக்கிளைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

வேப்பிலை செருகிய ஒரே வீட்டில் மட்டும் செல்லாயி என்ற பெண் இருந்தாள். அவளுடைய மகள் பொன்னி, உடம்பெல்லாம் முத்துப் போட்டு, மஞ்சள் சட்டையோடு வாழையிலையில் கிடந்தாள். நெல் குதிருக்குள் யாரோ இருமினார்கள். கைப்பிள்ளையை, பொன்னியின் தம்பியை, எனக்குப் பயந்து அதற்குள் இறக்கியிருந்தாள். அவனுக்காவது உடனே குத்திவிடலாம் என்று கெஞ்சினேன். செல்லாயி வாயில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க அய்யா. ஆத்தா உள்ளதான் இருக்கா, கேட்டுக்கிட்டிருக்கா."

செத்துப்போன பால்

அடுத்த முறை போனபோது பொன்னி இல்லை. ஊரே மிரண்டுபோய்த் தானாகக் கையை நீட்டியது. செல்லாயியும் பையனைக் கொண்டுவந்தாள், குத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒருவர் கையிலும் கொப்புளம் இல்லை. ஈரத்துணி சுற்றி மண்கலயத்தில்தான் கொண்டுபோனேன். அறந்தாங்கி பஸ் வழியில் நின்றுபோய், சித்திரை வெயிலில் பால் செத்துவிட்டது. அந்தப் பாலும் ஒரு உயிர்தான், சூடு தாங்காது.

புதுப் பால் வந்ததும் மறுபடி ஓடினேன். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கையைக் காட்டினார்கள். செல்லாயி மட்டும் கதவைத் திறக்கவில்லை. எத்தனை சொல்லியும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான்.

"புண்ணு எழும்பலைன்னா ஆத்தாவுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம்ங்க. ஒரு தடவ கேட்டாச்சு, ரெண்டாந் தடவ கேக்கக் கூடாது."

பெட்டியில் இருந்தது

மறு வருஷம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்குமே அம்மை இல்லை. ஆனாலும் செல்லாயி வீட்டில் மறுபடி வேப்பிலை தொங்கியது. இந்தத் தடவை பையன். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து வா என்று மேலதிகாரிகள் என்னை அனுப்பினார்கள். விருந்தாளி வந்தாரா, சந்தைக்குப் போனீர்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை, எங்கும் போகவில்லை.

பிறகுதான் பையன் படுத்திருந்த இடத்துக்குக் குனிந்து பார்த்தேன். அவன் போட்டிருந்தது பொன்னியின் மஞ்சள் சட்டை. கடைசி நாளில் கழற்றியதை, பிள்ளையின் வாசம் போய்விடும் என்று துவைக்காமல், வேப்பிலையில் பொதிந்து மரப்பெட்டியில் வைத்திருக்கிறாள். கோயிலுக்குக் காப்புக் கட்டிய அன்று, தம்பிக்கு அளவு சரியாக வந்துவிட்டதே என்று போட்டு அழகு பார்த்திருக்கிறாள். மடிப்புகளில் காய்ந்த பொருக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

பயிற்சியில் டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிருமி சாதாரண பாக்டீரியா மாதிரி இல்லை. தனக்கென்று ஒரு செல் கூடக் கிடையாது. வெளியே கிடக்கும்போது தின்பதுமில்லை, வளர்வதுமில்லை, வெறும் தூசி. ஒரு உடம்புக்குள் புகுந்த பிறகுதான் அங்குள்ள செல்லை வேலை வாங்கித் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். நான் காபந்து பண்ணிக் கொண்டுபோன பால் வழியிலேயே செத்தது. இது இருட்டுப் பெட்டியில் காத்திருந்தது.

அம்மை இந்தச் சட்டைக்குள் உறங்கிக் கிடந்தது என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். செல்லாயி அழவில்லை. பையன் மேலிருந்து சட்டையை மெல்லக் கழற்றினாள். கொளுத்தியாக வேண்டும் என்று கை நீட்டினேன். பையன் பிழைப்பானா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிழைத்தான், ஒரு கண் மட்டும் போய்விட்டது. சட்டையை என்னிடம் தரும் முன் அவள் ஒன்று கேட்டாள்.

"இம்புட்டு நாளா இதுக்குள்ள ஒறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னா, எம்மகளும் கூட இருந்திருப்பால்ல. கொளுத்துனா அவளுக்குச் சுடுமாய்யா?"

ஊர் முழுக்கப் பயப்படாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே பென்ஷன் வாங்கியவன் நான். என் வீட்டுப் பழந்துணிப் பெட்டியை மட்டும் இன்றுவரை என் மனைவிதான் திறக்கிறாள்.