ஒற்றை மாட்டுத் தேர்தல்

1. புகார்

அரியலூர் ஸ்டேஷனில் நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த புதிதில் பஞ்சாயத்து போர்டுத் தேர்தல் வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் போகாத நாற்பதுகள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் திருடனைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். தேர்தல் நேரத்தில், திருட்டு நடந்ததா இல்லையா என்று முடிவு செய்வதே பெரும்பாடு.

ஒரு நாள் காலை வண்டிக்கார மருதை அழுதுகொண்டே வந்தார். ரயிலடியிலிருந்து கடலை மண்டிகளுக்கு மூட்டை ஏற்றிப் பிழைப்பவர். அவருடைய செவலை, மயிலை இரண்டு மாடுகளையும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாடு இல்லாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

சப்-இன்ஸ்பெக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மாடு தானா வந்துரும்யா. எலெக்‌ஷன் முடியட்டும், எழுதிக்கலாம்."

காரணம் இருந்தது. போர்டு பிரசிடெண்ட் மறுபடி நிற்கிறார். 'என் காலத்தில் ஊரில் திருட்டே இல்லை' என்பதுதான் அவருடைய பிரசாரம். எதிர்த்து நின்றவர் ஒரு மண்டிக்காரர். 'திருடர் ராஜ்யம் ஒழிக' என்று நோட்டீஸ் அடித்து வைத்துக்கொண்டு, திருட்டுக்காகக் காத்திருந்தார். அன்று சாயங்காலமே தேரடிக் கூட்டத்தில் மருதையை மேடை ஏற்றிவிட்டார். நான் மேடையடியில் பந்தோபஸ்து. "இன்னும் கொஞ்சம் சத்தமா அழுய்யா, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்று அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

2. துப்புக்கூலி

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாடு திருட்டுப் போனால் போலீஸை நம்ப மாட்டார்கள், தரகரைத்தான் நம்புவார்கள். அவருக்குத் துப்புக்கூலி கொடுத்தால் மாடு ஏதாவது ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கும். யார் கட்டியது என்று கேட்கக் கூடாது. எங்கள் தரகர் பாடாலூர்க்காரர். வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, வாத்தியார் என்றே நினைக்கத் தோன்றும்.

பிரசிடெண்ட் ரகசியமாக ஆள் அனுப்பி, மாடுகள் ஓட்டுப்பதிவுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று கூலி கொடுத்தார். மண்டிக்காரரும் ரகசியமாக ஆள் அனுப்பி, ஓட்டுப்பதிவு முடியும்வரை வரவே கூடாது என்று கூலி கொடுத்தார். தரகர் இருவரிடமும் வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து மயிலை மட்டும் ஓடைக்கரையில் நின்றது. காபி கிளப்பில் தரகரைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னங்க, ஒத்த மாடு மட்டும் வந்திருக்கு?"

அவர் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டு பேருகிட்டயும் கை நீட்டியாச்சு தம்பி. ஒருத்தரை மட்டும் ஏமாத்தலாமா? தொழில்ல நாணயம் வேணும்ல. ஆளுக்கு ஒண்ணு."

சப்-இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ கேக்கவுமில்ல, அவரு சொல்லவுமில்ல. போய்த் தலைப்பாகையைச் சரியாக் கட்டு" என்றார்.

ஊரில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். மாடு கிடைத்துவிட்டது என்று பிரசிடெண்ட் முழங்கினார். இன்னொன்று எங்கே என்று மண்டிக்காரர் முழங்கினார். மருதை நுகத்தின் ஒரு பக்கம் மயிலையைப் பூட்டி, மறுபக்கம் தன் தோளைக் கொடுத்து மூட்டை இழுத்துப் பார்த்தார். தெற்குத் தெரு திரும்புவதற்குள் விழுந்துவிட்டார்.

3. ஊர்வலம்

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் பிரசிடெண்ட் மயிலைக்குக் கொம்பில் வர்ணம் பூசி, மாலை போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார். கயிறு மருதை கையில். செந்துறை ரோட்டில் போகும்போது மாடு திடீரென்று ஒரு இழுப்பு இழுத்துக் கயிற்றைப் பறித்துக்கொண்டு வயல் பக்கம் திரும்பியது. மேளக்காரர்கள் அதுதான் பாதை என்று நினைத்து வாசித்தபடியே பின்னால் போனார்கள். மேளம் போன வழியில் ஜனமும் போனது.

மாடு நேராக மண்டிக்காரரின் கடலைக் காட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தது. உள்ளே செவலை, அவருடைய வைக்கோலையே தின்றுகொண்டு நின்றது. தரகருக்குக் கூலியோடு கொட்டகையையும் கொடுத்திருக்கிறார் போல; முதலில் இரண்டையும் அங்கேதான் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இடமும் ஜோடியும் மயிலைக்கு மறக்கவில்லை. மருதை இரண்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மண்டிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "திருடன் கையில சிக்காம நான்தான் பத்திரமாக் கட்டி வெச்சிருந்தேன்!" என்றார். பிரசிடெண்ட் மயிலையின் கயிற்றைப் பிடித்தார். "கண்டுபிடிச்சது எங்க ஊர்வலம்!"

"மருதை, நீயே சொல்லு. உன் ஓட்டு யாருக்கு?" என்றார் மண்டிக்காரர்.

மருதை துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஏதுங்க ஓட்டு? வரி கட்டுறவங்களுக்குத்தானே குடுத்திருக்காங்க. நம்ம வூடே பொறம்போக்குல இருக்கு."

அந்தச் சட்டம் இருவருக்கும் தெரியும். இத்தனை நாள் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"வூட்டுல வேற யாருக்காச்சும்...?" என்று பிரசிடெண்ட் மெல்ல இழுத்தார்.

"யாருக்கும் இல்லீங்க."

இருவரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டார்கள். மேளம் நின்றது. மருதை மாடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஸ்டேஷன்களில், அழுதுகொண்டு வந்தவர் யாராயிருந்தாலும் உட்காரவைத்து முதலில் புகாரை எழுதிக்கொண்டேன். அவருக்கு ஓட்டு உண்டா என்று எழுதி முடித்த பிறகு மேலதிகாரிகள் விசாரித்துக்கொண்டார்கள்.