சேஷன் ஒட்டிய கூம்பு

செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸில் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது பியூன் வந்து நின்றான். "சேஷன் பாபு போய்விட்டார்" என்று வங்காளத்தில் சொன்னான். டைபாய்டில் படுத்திருந்தவர் தேறி வருவதாகத்தான் முதல்நாள்கூடச் சொன்னார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

இந்த வங்காள நகரத்தில், லேக் என்கிற ஏரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் சேஷனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய லவுட்ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்துவிடும். ஊர் திரும்பும் துரைமார் வீட்டு ஏலம், சாந்தினிச் சந்தை என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைவார். கடைக்காரர்கள் பெட்டியை அலறவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இவர் காதைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்தே, மொஷாய், ஆஸ்தே" என்று கெஞ்சுவார். சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்லி, பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

"நீர் பெட்டி வாங்க வந்தீரா, நாடி பிடிக்க வந்தீரா?" என்று கேட்பேன்.

"கத்தறச்சே எல்லாப் பெட்டியும் நன்னாத்தான் இருக்கும் ஓய். மெள்ளப் பேசறச்சேதான் கிழிசல் தெரியும்" என்பார்.

எங்கள் தமிழ் சபா பந்தல் போட்டுக் கதை வைத்த அந்த ராமநவமியை, அங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. சபாவுக்குச் சொந்தமாக ஒலிபெருக்கி இல்லை. சேஷன் தன் பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். கூலியாள் அதைத் தொப்பென்று இறக்கியதில் உள்ளே இருந்த காகிதக் கூம்பு கிழிந்துபோயிற்று. அந்தக் கூம்பு அதிர்ந்தால்தான் பெட்டி பேசும். பட்டம் செய்கிற சிவப்புக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டிவிட்டு, விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கதை தொடங்கும்போதும் ஈரம் போகவில்லை.

"பாகவதர் சாது, மெள்ளத்தான் பேசுவார். வேற யாரும் மைக்கைத் தொடாம பார்த்துக்கோரும். ஒரு கத்தல் கத்தினா விண்டுபோயிடும்" என்றார். முகம் வெளிறியிருந்தது. நான் சிரித்தேன்.

சூரியன் இறங்கும் நேரத்தில் வடமேற்கே வானம் கறுத்தது. சித்திரையில் இந்த ஊருக்கு வழக்கமான புயல்தான், ஆனால் அன்றைக்கு யாருக்கும் எழுந்திருக்க நேரம் கொடுக்கவில்லை. ஒரே அடியில் விளக்குகள் அணைந்தன. மூங்கில்கள் நெரிபட்டன. "பந்தல் சாயறது!" என்று யாரோ கத்த, அத்தனை பேரும் எழுந்தார்கள். வெளியேற இருந்தது டிராம் ரோட்டுப் பக்கத்து மூங்கில் வாசல் ஒன்றுதான். பெண்கள் பகுதி அதற்கு நேர் எதிரே, பந்தலின் கடைக்கோடியில். அங்கேதான் என் மனைவி கமலம், மடியில் குழந்தையோடு. நான் கூட்டத்தைப் பிளந்து போகப் பார்த்தேன். கால் எடுத்து வைக்க முடியவில்லை. கீழே யாரோ விழுந்திருந்தார்கள்.

மேடையில் எங்கள் சபாத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஆபீஸில் எங்கள் ஹெட் கிளார்க்கும் அவர்தான். கத்துவதற்கு அவர் மூச்சை இழுத்தார். சேஷன் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் எதிரே நிமிர்ந்துகூடப் பேசாத சேஷன்!

பெட்டி மோட்டார் பாட்டரியில் ஓடியதால் விளக்கு போனாலும் உயிரோடுதான் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் வந்தது.

"சேஷன் பேசறேன். இந்தப் பெட்டி கிழிஞ்ச பெட்டி. நான் கத்த முடியாது. நீங்கதான் கொஞ்சம் சத்தம் போடாம கேக்கணும்."

"என்ன சொல்றார்?" "உஷ், கேளுங்கோ!" என்று ஒருவரையொருவர் அடக்கினார்கள். இரைச்சல் தணிந்தது.

"அப்படியே உட்காருங்கோ. போஷுன், போஷுன். பொம்மனாட்டிகள் பக்கம் ஓரத்தில இருக்கறவா மட்டும் எழுந்து, பக்கத்துத் துணியை அவுத்து விடுங்கோ. வெளில புல்தரைதான். குழந்தை வச்சுண்டிருக்கறவா முதல்ல போங்கோ. அவசரமில்லை."

அதையே திரும்பத் திரும்ப, தமிழிலும் அரைகுறை வங்காளத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் ஒரு தடவைகூட ஏறவில்லை. கடைசி ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது அந்தக் கடைக்கோடி மடமடவென்று சரிந்தது. மழையில் நனைந்து நின்ற கமலத்தையும் குழந்தையையும் கண்டபோது நான் வாய்விட்டு அழுதேன். விழுந்தவர்களையும் தூக்கிவிட்டிருந்தார்கள். சில சிராய்ப்புகளோடு போயிற்று.

சேஷனைத் தேடிப் போனேன். பெட்டியின்மேல் தன் அங்கவஸ்திரத்தைப் போர்த்திவிட்டு அவர் நனைந்துகொண்டிருந்தார்.

"பயப்படவேயில்லையே ஓய்!" என்றேன்.

"யார் சொன்னா? என் பொண்டாட்டியும் அந்தக் கோடிலதானே இருந்தா" என்றார்.

மறுநாள் ஹெட் கிளார்க் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம். உள்ளே போனவரைப் பார்த்ததும் ஹெட் கிளார்க் எழுந்து நின்று கைகூப்பினாராம். சேஷன் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஹெட் கிளார்க்கே, சேஷன் போன அன்றைக்குத்தான், அவர் வீட்டு வாசலில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

அந்தப் பெட்டியைச் சேஷனின் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறார். கூம்பில் சிவப்புக் காகிதம் இன்னும் இருக்கிறது. ஞாயிறு மாலை சபாவில் அவருக்காகக் கூடுகிறோம். எனக்கு வாய்த்த குரல் பெரிய குரல் என்று சபாக்காரர்கள் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் பெட்டியில், அவரைப்போல மெள்ளத்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.