எஸ்டேட் வேனுக்கு எஞ்சின் மாற்றிய கதை

பழைய வண்டிக்குப் புது எஞ்சின் வைக்கிற தொழிலில் கழற்றுவது சுலபம். மாட்டும்போதுதான் மூச்சு முட்டும். பழைய வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, 'நாளைக்கு ரெடி' என்ற சொல்லை நம்பி நடையாய் நடந்தவர்களுக்கு இது புரியும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட என் சக மெக்கானிக்குகளுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

என் பட்டறை பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில், நெல்வயல்களை ஒட்டி இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு வேனைப் பற்றி. மூணாறு பக்கத்து டீ எஸ்டேட் ஒன்றில் ஒரு காலத்தில் ஆம்புலன்சாக ஓடி, பிறகு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் வருஷக்கணக்காக நின்றுபோன தட்டை முக வேன் அது. எஸ்டேட்காரர்கள் ஏலம் விட்டபோது லயத்து ஜனங்களே சேர்ந்து எடுத்திருந்தார்கள். அவர்கள் சார்பில் என்னிடம் வந்தவர் ரோஸ்லின். எஸ்டேட் டிஸ்பென்சரியில் உதவியாளர், நாற்பது வயதிருக்கும். சித்தி மகளைப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்த வகையில் என் பட்டறையைத் தெரிந்துகொண்டாராம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "என்ன எஞ்சின் வேணாலும் வைங்க அண்ணாச்சி. ஏத்தத்துல மட்டும் நிக்கக் கூடாது."

கூரைக்குள் குடித்தனம்

வேன் ஒரு லாரியின் முதுகில் ஏறி, விடிகாலைக் குளிரோடு வந்து இறங்கியது. பத்து மணிக்கு மேல் பாலக்காட்டு வெயில் ஏறியதும் என் பட்டறையில் தகர வேலை பார்க்கும் சின்னராசு உள்ளே போய், எது துரு எது தகரம் என்று பார்க்கச் சுத்தியலால் கூரையை நாலு தட்டுத் தட்டினான். உள்ளிருந்து யாரோ பதிலுக்கு முனகுவது போல ஒரு சத்தம். "அண்ணா, ரேடியோ ஏதாச்சும் ஓடுதுங்களா?" என்று கேட்டவன், ஐந்தாவது தட்டுத் தட்டினான்.

கூரைக்கும் உள் அட்டைக்கும் நடுவில் தேனீக்கள் ஒரு குடும்பமே நடத்திக்கொண்டிருந்திருக்கின்றன. மலைக்குளிரில் சுருண்டு கிடந்தவை இந்த வெயிலுக்கும் சுத்தியலுக்கும் சேர்த்து ஒரே கறுப்புப் புகையாக வெளியே வந்தன. சின்னராசு வாய்க்காலில் விழுந்தான். நான் எண்ணெய்ச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வயலுக்குள் ஓடினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடினார்கள். தேனீயைவிடச் சாக்கு போட்ட என்னைக் கண்டுதான் அதிகம் பயந்தார்களாம். வீங்கிய கண்ணோடு ரோஸ்லினுக்குப் போன் போட்டு, கூரைக்குள் தேன்கூடு இருந்ததே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கத்தினேன். அந்தப் பக்கம் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "தெரியும் அண்ணாச்சி. நாங்க அதை எழுப்புறது இல்ல."

தரையை வெட்டிய அன்று

வேனின் தரை முழுக்கத் துரு. கால் வைத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. சின்னராசு கிரைண்டர் வைத்து மொத்தத் தரையையும் வெட்டி எடுத்தான். பழைய இரும்பு எடுப்பவர் அன்றைக்கே வந்து தகரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ரோஸ்லின் ஒரு டப்பா டீத்தூளோடு வந்தார். பின்கதவைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றார். உள்ளே இரண்டு சட்டக் கம்பிகளும், அவற்றுக்குக் கீழே என் பட்டறை மண்ணும்தான் தெரிந்தன. நான் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, வண்டி நின்னுபோச்சுன்னா உள்ளிருந்தபடியே காலை ஊணி நடந்துக்கலாமுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கதவுக்கிட்ட ஸ்ட்ரெச்சர் வைக்கிற இடம் இருந்துச்சுல்ல அண்ணாச்சி, அங்கதான் நான் பொறந்தேன்" என்றார். சின்னராசு கிரைண்டரை நிறுத்தினான். "மழை நேரம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப ஏத்தத்துல எஞ்சின் நின்னுருச்சாம். அப்பாவும் டிரைவரும் தள்ளிப் பாத்திருக்காங்க, அசையல. நான் பொறந்துட்டேன். அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. வேற வண்டி வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

 அந்தத் தகரத்தைத்தான் நேற்றுப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தேன். ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வரட்டுமா என்று உளறினேன். "துருப்பிடிச்ச தகரம் என்னத்துக்கு?" என்றார். அப்படியானால் இந்த வண்டியை ஏன் ஏலத்தில் எடுத்தீர்கள், நானாக இருந்தால் கொளுத்தியிருப்பேனே என்று கேட்டேன். எங்கள் ரோட்டு வளைவுகளில் இப்போது வருகிற நீள ஆம்புலன்ஸ் திரும்பாது, ஜீப்பில் ஆளைப் படுக்கவைக்க முடியாது, இந்த வேன் வளைவிலும் திரும்பும், உள்ளே ஆளும் படுக்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு டீத்தூள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "வண்டி மேல எனக்கு என்ன கோவம் அண்ணாச்சி? நின்னது எஞ்சின்தானே."

அன்றைக்கு மேல் அந்த வேலையை நானும் சின்னராசுவும் சிரித்துப் பேசிக்கொண்டு செய்யவில்லை.

வாய் திறக்காத எஞ்சின்

ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி கிடைத்ததும் கோயமுத்தூரில் ஒரு பழைய வண்டி யார்டில் எஞ்சின் பிடித்தோம். பின்பக்கம் அடிபட்ட ஒரு புது மாதிரிக் காரின் டீசல் எஞ்சின். நல்ல எஞ்சின், எலியின் மீசை மாதிரி எங்கும் ஒயர். எஞ்சின் உட்காரும் தாங்கு கட்டைகளை மாற்றி வெல்டிங் வைத்து, கியர் பெட்டியோடு பொருத்தி, தண்ணீர், ஆயில் எல்லாம் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டீசல் வருகிறது. பேட்டரி புதுசு. மூன்றாம் நாளும் பிடிக்கவில்லை. ரோஸ்லினின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஏற்றத்தில் நிற்காத எஞ்சின் கேட்டவருக்குச் சமதரையிலேயே கிளம்பாத எஞ்சினை வாங்கி வைத்திருக்கிறேன்.

கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து கிச்சாமணியை வரச்சொன்னேன். கார் எலெக்ட்ரிக் வேலையில் எனக்கு வலதுகை. லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது தன் சொந்தக் காரின் சாவியைத் தேடுகிறது, அந்தச் சாவியும் அதன் கம்ப்யூட்டர் பெட்டியும் இல்லாமல் டீசலை விடாது, திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு என்றான். நான் மறுபடியும் கோயமுத்தூர் போய் அந்தச் சாவியையும் பெட்டியையும் தேடி எடுத்து வந்தேன். மாட்டித் திருப்பிய மறுகணம் எஞ்சின் பிடித்தது. இவ்வளவு பெரிய இரும்பு ஒரு குட்டிச் சாவிக்காகப் பிடிவாதம் பிடித்ததா என்று நான் வாய் பிளந்து நின்றேன். கிச்சாமணி லேப்டாப்பை மூடினான். "பொறந்தாத்துச் சாவி கையில இல்லாம எந்தப் பொண்ணுதான் ஓய் புக்காத்துல வாயைத் தொறப்பள்?"

வாத்துக் கூட்டம்

முதல் ஓட்டத்தை வாய்க்கால் ஓர மண் தடத்தில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் சின்னராசு. அந்த எஞ்சின் இழுத்த இழுப்பில் எங்கள் இருவர் முதுகும் சீட்டோடு ஒட்டிக்கொண்டன. "அண்ணா, இது வேனுங்களா விமானமுங்களா" என்று சின்னராசு குதூகலித்தான். அப்போது தடத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது ஒரு வாத்துக் கூட்டம். பின்னால் கம்போடு மேய்ப்பவர். பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன், கல்.

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்து வயலுக்குள் இறக்கினேன். சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து வேன் நின்றது. வாத்துகள் ஒன்றுமே நடக்காததுபோல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இறங்கிப் பார்த்தால், பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற காற்றுக் குழாய் கழன்று தொங்குகிறது. பழைய ரப்பர், புது எஞ்சின் உறிஞ்சிய உறிஞ்சலைத் தாங்கவில்லை. மலையிறக்கத்தில் இது நடந்திருந்தால், உள்ளே ஒரு நோயாளி படுத்திருந்தால் என்று நினைத்து வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரமே குழாய் முதல் சக்கரத்து டிஸ்க் வரை பிரேக் முழுவதையும் புதிதாக மாற்றினேன். ஆனால் அன்றைக்குச் சேற்றிலிருந்து செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டே சின்னராசு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "போறதுக்கு வச்சுட்டீங்க, செரி. ஏனுங்ணா, நிக்கறதுக்கு எப்ப வைப்பீங்க?"

ஹாரன்

வண்டி டெஸ்ட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் சிரிக்காத மலையாளி. வேனுக்கு அடியில் டார்ச் அடித்து என் வெல்டிங் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஓட்டினார். பிரேக் போட்டார். எஞ்சின் நம்பரைச் சரிபார்த்தார்.  எல்லாம் முடிந்து இறங்கப் போனவர், போகிற போக்கில் ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் வைப்பர் இரண்டும் எழுந்து இப்படியும் அப்படியும் ஆடின. கிச்சாமணி ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

நான் ஓரக்கண்ணால் கிச்சாமணியைத் தேடினால் ஆள் இல்லை. தூரத்து டீக்கடைக்குள் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி அழுத்தினார், வைப்பர் மறுபடி ஆடியது. சரிசெய்து மறுநாள் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அந்த நாள் முழுவதும் சிரிக்காதவர் வாயோரத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். "எஞ்சின் கொள்ளாம், நல்லாயிருக்கு. பட்சே ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடுதே, எதிரே வர்றவனுக்குக் கை காட்டறதுக்காடோ?"

முதல் சவாரி

டெஸ்ட்டில் தேறியதும் உடுமலை, மறையூர் வழியாக நானே ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்தேன். லயத்து ஜனம் முழுவதும் ரோட்டில் நின்றது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்திருந்தார். செபம் பாதியில் இருந்தபோது மேலிருந்து நாலு பேர் ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கம்பளிக்குள் அந்தோணி. தேயிலைக்கு நடுவே நிழல்மரத்தில் கிளை கழித்தவர்மேல் ஒரு கிளை விழுந்திருக்கிறது. தொடையில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பெண்கள் ஓலமிட்டார்கள்.  சாமியார் செபப் புத்தகத்தை மூடிவிட்டு, தானே ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார்.

வேனை ஓட்ட ஏற்பாடு செய்திருந்த டிரைவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "இந்த வண்டி எனக்கு இன்னும் பிடிபடல அண்ணே." ரோஸ்லின் ஏற்கெனவே உள்ளே ஏறி அந்தோணியின் காலைத் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏறுங்க" என்றார்.

நான் மெக்கானிக். வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நகர்ந்துபோகிறவன். பின்னால் ஒரு மனிதன் துடிக்கத் துடிக்க ஓட்டிப் பழக்கமில்லை.  எஞ்சினுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. வளைவுக்கு வளைவு ஏற்றம். மிதித்தால் போகிறது, விட்டால் அடங்குகிறது. பின்னால் அந்தோணி முதலில் கத்தினார், பிறகு முனகினார், பிறகு அந்த முனகலும் நின்றது.  கண்ணாடியில் பார்த்தேன். ரோஸ்லின் ஒரு கையால் அவர் காலைப் பிடித்திருந்தார், இன்னொரு கை அவர் நாடியில். "இருக்காரு, ரோட்டைப் பாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது என்னால் ஸ்டியரிங்கிலிருந்து விரலைப் பிரிக்க முடியவில்லை. ஆட்கள் ஓடிவந்து அந்தோணியைத் தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் நடந்தது, கால் தப்பியது, இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார் என்று பிறகு ரோஸ்லின் போனில் சொன்னார். ஆனால் அந்த வாசலில், தள்ளுவண்டியில் கிடந்தவர் கண்ணைத் திறந்து ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்து எங்களையெல்லாம்விட அதிகமாகத் திடுக்கிட்டார். "எப்ப அண்ணாச்சி வந்தோம்? எஞ்சின் சத்தமே கேக்கலன்ன ஒடனே, வண்டி ஏத்தத்துல நின்னுட்டுன்னுல்லா வழி முழுக்கச் செபம் பண்ணிட்டு வந்தேன்!"

ஆக மொத்தம், ஒரு வேனுக்கு எஞ்சின் மாற்றிக் கொடுத்ததில் அதிகம் தேய்ந்தது என் ஈரல்குலைதான்.