டோனல் கீலியின் அரை அங்குலம்

காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பரீட்சைக்குப் படிக்கிற வயதா இது என்று டோனல் கீலி தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் அந்தக் குளிர்காலத்தில் ஒன்றுகூட இல்லை. வயது ஐம்பத்தொன்று. அயர்லாந்தின் டங்கார்வன் ஊரிலிருந்த தகரப் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் காற்றுக்குழாய் செய்து, செய்ததைக் கொண்டுபோய்க் கூரைக்கடியில் மண்டியிட்டு மாட்டியவன். இரண்டு முழங்காலும் போய்விட்டன. இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பட்டறைக்கு மேலே மாடியில் வரைபட அறை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியை டோனலுக்குத் தருவதில் மேலாளருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டப்ளினில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு விதி என்று ஒன்று உண்டே! பள்ளி இறுதித் தேர்வில் தொழில்நுட்ப வரைபடம் தேறாத எவனையும் மாடியில் உட்காரவைக்கக் கூடாது. டோனல் பதினேழு வயதில் பாதியிலேயே பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆக, ஜூன் மாதம் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவனும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் கூரைக்கடிதான்.

சமையலறை மேசையில் ரொட்டி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து வரைபலகையைச் சாய்த்து வைத்திருந்தான். விளக்கொளியில் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. எட்டு மணிக்கு அவன் மனைவி ப்ரீடாவின் தங்கை அசம்ப்டா பள்ளிக்குப் போகிற வழியில் நனைந்த மழைக்கோட்டோடு உள்ளே வருவாள். பள்ளியில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஒரு கையில் தேநீர், இன்னொரு கையில் சிவப்புப் பென்சில்.

"அத்தான், இது என்ன?"

"விரிப்பு. நீ கேட்டதுதானே?"

ஒரு பெட்டியையோ குழாயையோ ஓரத்தில் வெட்டித் தட்டையாகப் பரப்பினால் என்ன உருவம் வருமோ அதுதான் விரிப்பு. தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. டோனலுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அங்கேதான் வினையும் இருந்தது.

"அது தெரியுது. ஓரத்துல வாலு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குதே, அது என்ன?"

"ஒரு விளிம்பு இன்னொண்ணு மேல ஏற அரை அங்குலம் மடிப்பு. அது இல்லாம ரிவிட் ஆணியை எங்க அடிக்கிறது?"

"பரீட்சைத் தாள்ல எவன் ரிவிட் அடிக்கப் போறான்? ஒரு நூல் கூடுனாலும் மார்க்கு போச்சு அத்தான்."

"ஒண்ணோட ஒண்ணு சேராத சாமானை வரைஞ்சு என்ன பிரயோஜனம் வாத்தியாரம்மா?"

"பிரயோஜனத்தைப் பட்டறையில வச்சுக்குங்க. இங்க ஜியாமெட்ரி."

"ரெண்டு பேரும் காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க," என்றாள் ப்ரீடா அடுப்படியிலிருந்து. "அவருக்கு அது கையோட பொறந்தது. எனக்கு ஜன்னல் திரை தச்சுக் குடுத்தப்பகூட அரை அங்குலம் கூடுதலா வெட்டுன மனுஷன்."

ப்ரீடா விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். பட்டறையில் மாடியிலிருந்து வரும் படங்களில் மடிப்பு இருக்காது. வெட்டுகிறவர்கள்தான் ஓரத்தில் அரை அங்குலம் சேர்த்து வெட்டுவார்கள். அவசரத்துக்கு டோனல் கீழே பட்டறையிலேயே போட்டுக் கொடுக்கும் படத்தில் மட்டும் மடிப்பு உள்ளேயே இருக்கும். அவன் கோடு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டிலேயே வெட்டலாம். 'மடிப்பு சேர்த்தாச்சா?' என்று அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான்.

அசம்ப்டா கத்தரிக்கோலை எடுத்தாள். அவன் வரைந்த மடிப்பைக் கத்தரித்து ஒரு காலி ஜாம் பாட்டிலில் போட்டு, ஜன்னலோரம் வைத்தாள்.

"இது நிரம்புறதுக்குள்ள இந்தப் பழக்கத்தை விட்டாகணும். இல்லேன்னா ஜூன்ல நீங்களும் நானும் சேர்ந்துதான் ஃபெயில்."

ஜனவரி முடிவதற்குள் பாட்டில் பாதி நிரம்பிவிட்டது. கற்றுக்கொள்வதில் அவனுக்குச் சிரமமே இல்லை. தொடுகோடு, நீள்வட்டம், வெட்டுமுகம் எல்லாம் அவன் தகரத்தில் செய்து பார்த்தவைதான், பெயர்தான் புதிது. கற்றதை மறப்பதுதான் ஆளைக் கொன்றது. விரிப்பை முடித்து 'அப்பாடா' என்று மூச்சு விடுவான். கை மட்டும் நிற்காது. தானாகப் போய் ஓரத்தில் இன்னொரு கோடு போட்டுவிட்டு வந்து நிற்கும். அழிப்பான், மறுபடி கோடு, மறுபடி அழிப்பான் என்று காகிதம் நைந்தே போனது. பிறகு எட்டரைக்கு வேலை. சாயங்காலம் வீங்கிய முழங்காலில் வெந்நீர்த் துணி. ஒன்பது மணிக்குப் படுக்கை. மார்ச்சில் ஒரு நாள் காலை பலகை மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். கன்னத்தில் பதிந்த பென்சில் கோட்டோடு வேலைக்குப் போய், நாள் முழுக்கக் கிண்டலுக்கு ஆளானான்.

ஏப்ரலில் பாட்டிலில் நான்கே துண்டுகள் விழுந்தன. மே மாதம் ஒன்றுகூட இல்லை. அசம்ப்டா பாட்டிலுக்கு மூடி போட்டாள். டோனலுக்கு என்னவோ சந்தோஷமே வரவில்லை. அலுப்பாக இருந்தது.

தேர்வு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பிள்ளைகளுக்கான மேசைக்கடியில் முழங்காலை நுழைக்கவே அவனுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. நான்காவது கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தானியம் கொட்டுகிற தொட்டி, மேலே சதுரம், கீழே வட்டம், விரிப்பு வரைக. இதே மாதிரி எத்தனை நூறு தொட்டிகளை அவன் செய்திருப்பான்! இருபது நிமிஷத்தில் முடித்தான். உடனே கை துறுதுறுத்தது. பென்சிலைச் சட்டைப் பைக்குள் சொருகிவிட்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். மேற்பார்வையாளர் அருகே வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று மெல்லக் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்ணில் தேறியிருந்தான். அசம்ப்டா சமையலறையில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். ப்ரீடா ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். மேலாளர் கைகுலுக்கி, கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம், சரியாக வந்தால் நாற்காலி உனக்குத்தான் என்றார்.

மாடியில் மூன்று வாரம், பழைய படங்களைப் படியெடுப்பதிலேயே, சொர்க்கமாகக் கழிந்தது. முழங்கால் வீக்கம் வடிந்தது. ஜன்னல் வழியே துறைமுகம்கூடத் தெரிந்தது. நான்காம் வாரம் திங்கட்கிழமை, கீழே தகரம் வெட்டும் கிறிஸ்டி வீல் ஒரு பளபளப்பான எஃகுத் தகட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தான். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்து மேசையில் நின்று டோனலோடு வேலை செய்தவன்.

"பால் தொழிற்சாலைக்குப் போட்ட புகைக்கூண்டு படம், நீ போட்டதாடா?"

"நான்தான். ஏன்?"

கிறிஸ்டி தகட்டைத் தரையில் வைத்து வளைத்துப் பிடித்தான். விளிம்பும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் சந்தித்தன. சந்தித்து, அப்படியே நின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏற இடமே இல்லை.

"ரிவிட்டை எங்கடா அடிக்கிறது? காத்துலயா?"

டோனல் எழுந்து வந்து விளிம்பில் விரலை ஓட்டினான். "நீ மடிப்புச் சேர்த்து வெட்டலையா?"

"உன் படம்னு பேரு போட்டிருந்துச்சு. உன் படத்துக்கு எவன்டா மடிப்புச் சேர்ப்பான்?"

"எத்தனை வெட்டினே?"

"இருபத்து நாலு துண்டும்."

கிறிஸ்டிக்குக் கோபம்கூட இல்லை. அவன் டோனலை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நெசமாவே பாஸ் பண்ணிட்டேடா நீ," என்றான்.

அது டோனலுக்குச் சுருக்கென்று தைத்தது. மேலாளர் பகல் உணவு முடிந்து வருவதற்குள் வழி கண்டாக வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் உள்பக்கம் ஓர் அங்குல அகலத்தில் பட்டை வெட்டி, இரண்டு விளிம்பையும் அதில் சேர்த்து ரிவிட் அடிக்கலாம். அவலட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் நிற்கும். டோனல் மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினான். கிறிஸ்டியும் அவனும் தரையில் மண்டியிட்டு இருபத்து நான்கு பட்டைகள் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் விழும்போது அவனுக்கு அந்த ஜாம் பாட்டில் ஞாபகம் வந்தது. எழுந்திருக்கும்போது கிறிஸ்டி கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மேலாளர் வந்து பார்த்தார். பட்டை எதற்கு என்று கேட்டார். கூடுதல் பலத்துக்கு என்றான் கிறிஸ்டி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் போனார். நாற்காலி பிழைத்தது.

டோனல் மாடிக்குத் திரும்பி, பாதியில் விட்டிருந்த படத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஓரத்தில் அந்தக் கோட்டைப் போட்டுவிடலாமா என்று பென்சிலை எடுத்தான். கை நகரவில்லை. வெகுநேரம் காத்திருந்தான். கடைசியில் படத்தின் கீழ் மூலையில், அந்த அறையில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எழுதியதைத் தானும் சின்ன எழுத்தில் எழுதினான்: "மடிப்பு சேர்க்கப்படவில்லை. வெட்டுபவர் சேர்த்துக்கொள்ளவும்." அதை எழுதும்போது வலித்த வலி முழங்காலில் இல்லை.