கரையான் தின்ற தூலம்

அறுபதுகளில், ஜவ்வாது மலையிலிருந்த என் வீட்டை விற்க நினைத்தேன். நடுத்தூலத்தைக் கரையான் உள்ளுக்குள் அரித்திருந்தது. செம்மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி அதை மறைத்துவிட்டேன்.

புளி மூட்டை அடுக்க வீடு தேடி வாணியம்பாடியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். சுவர்களைத் தட்டினார், கதவை ஆட்டினார். தூலத்தைத் தொடவில்லை.

“வூடு நல்லாத்தான் கீது, கவுண்டரே. தொழுதுட்டு வெலையப் பேசலாம்.”

நான் தலையாட்டினேன். அவர் நேராகத் தூலத்தின் கீழே போய்த் துண்டை விரித்தார்.

தொழுகையில் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவது? அவர் நெற்றி தரையைத் தொட்டபோது தூலத்தில் சட்டென்று ஒரு சத்தம். அவர் முதுகில் பொடி உதிர்ந்தது. ஓடிப்போய் இரு கைகளாலும் தூலத்தைத் தாங்கி நின்றேன். அவரோ நிதானமாகத் தொழுதுகொண்டிருந்தார்.

முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாங்க இது?”

“கரையான் தின்னுடுச்சி, பாய். நான்தான் பூசி மறைச்சேன். நீங்க மொதல்ல வெளிய போய்டுங்க!”

அவர் திட்டவில்லை, போகவும் இல்லை. மூலையில் சாத்தியிருந்த ஏர்க்காலை எடுத்து முட்டுக் கொடுத்தார்.

“இப்ப கைய எடுங்க. மெதுவா.”

வீட்டை அவர் வாங்கவில்லை. நல்ல வீடு என்று அவர் சொன்னபோது தலையாட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.