வரிசையில் நின்ற விருந்தாளி: மட்டாஞ்சேரிப் பயணம்

கோயமுத்தூரில் எங்கள் வட்டாரத்தில் மட்டும் நான்கு தர்ம சங்கங்கள் இருக்கின்றன. நான்குமே நல்ல மனிதர்கள் நடத்துபவை. ஒரு சங்கம் கை சுட்டுக்கொண்ட அடுப்பிலேயே அடுத்த சங்கமும் கை வைக்கும், ஏனென்றால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் போகும் ஆண்டு விழாக்களில் வாசிக்கப்படும் அறிக்கைகளும் ஒரே மாதிரி இருக்கும். குறை என்ற சொல்லே அவற்றில் வராது.

அதனால்தான், மட்டாஞ்சேரிப் பக்கத்தில் மூன்று சங்கத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை ஒருவர் இடத்துக்கு ஒருவர் போய், பார்த்து, குறை சொல்லிவிட்டு வருகிறார்கள் என்று பாலக்காட்டு நண்பர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. "நீயே போய்ப் பார், கோமதி மாமிக்கு ஒரு வரி எழுதிப் போடுகிறேன்" என்றார். ஆடி மாதத்து அடைமழையில் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பினேன். எங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் பலர் விவரம் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

கோவையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் பிற்பகலில் எர்ணாகுளம். ஏறக்குறைய நூற்றிருபது மைல். மூன்றாம் வகுப்பில் பாலக்காடு வரை நெரிசல், அதன்பிறகு ஜன்னல் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ரிக்‌ஷாக்காரர் எட்டணா கேட்டார், ஆறணாவுக்கு வந்தார். புதுப் பைசா வந்து இத்தனை நாளாகியும் ரிக்‌ஷாக் கணக்கு அணாவில்தான். மட்டாஞ்சேரிக்குப் படகில் அரை மணி நேரம்.

படகில் நான் குடையை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கொடுப்பவர் வந்து நின்றார்.

"சாரே, குடையை மடக்கிக்கோங்க. காற்று எடுத்தா உங்களுக்கு முன்னால குடை மட்டாஞ்சேரி போய்ச் சேரும்."

மடக்கினேன். பஜாருக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"வழி கேக்கவே வேண்டா. இறங்கி நின்னா மூக்கு காட்டித் தரும்."

அவர் சொன்னது சரிதான். துறையில் இறங்கியதும் சுக்கு, மிளகு, ஈரச் சாக்கு எல்லாம் கலந்த நெடி ஒரு பக்கமாக இழுத்தது. அதன் பின்னாலேயே நடந்து, பஜாரில் ஒரு தமிழர் நடத்தும் விடுதியில் அறை எடுத்தேன். நாளுக்கு இரண்டு ரூபாய். மெத்தையிலும் மிளகு வாசனை.

அன்று மாலையே கோமதி அம்மாளைப் பார்த்தேன். நாலு தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் தங்கிவிட்ட குடும்பம். மாதர் சங்கத்தின் செயலாளர். கிடங்குகளில் சுக்கும் மிளகும் புடைக்கும் பெண்களின் குழந்தைகளுக்குக் காலையில் பால் கொடுக்கும் நிலையம் ஒன்றைச் சங்கம் நடத்துகிறது. பால் பவுடர் அரசாங்கத்திலிருந்து வருகிறது. சர்க்கரையும் விறகும் ஊர்ப் பெரியவர்கள் உபயம்.

அந்த நிலையத்தைத்தான் மூடப் போகிறார்கள் என்றார். குழந்தைகள் வருவது மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி முடிவு செய்யும்.

"இங்க தேவை இல்லையாம், சொல்றா. கிடங்கு வாசல்ல போய் ஒரு நாழி நின்னு பாருங்கோ, தேவை இருக்கா இல்லையான்னு தெரியும். ஏன் வரமாட்டேங்கறான்னுதான் எனக்கு மனசிலாகலை."

"உங்கள் கூட்டத்தில் கேட்கவில்லையா?"

"கேக்காம இருப்பேனா? ரெண்டு பேரும் ஆறு தடவை வந்துட்டுப் போயிட்டா. பால் நன்னாயிருக்கு, டம்ளர் கண்ணாடி மாதிரி இருக்குன்னா. குறைன்னு ஒண்ணும் அகப்படலையாக்கும்."

கூட்டத்தில் அவரைத் தவிர இரண்டு பேர். சுலைகா பீவி ராவுத்தர் வீட்டுப் பெண். விதவைகளுக்குத் தையல் கூடம் நடத்துகிறார். திரேசா கும்பளங்கியில் மீன்காரப் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் வைத்திருக்கிறார். இவர்கள் வைத்திருக்கும் முறை எளிது. பார்க்க வந்தவர் முதலில் தன் இடத்துக்கு எடுத்துப் போகப் போவது என்ன என்று சொல்ல வேண்டும். அடுத்து, உறுத்தியது எது என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தை நடத்தும் வீட்டுக்காரி அன்று பதில் பேசக் கூடாது. எல்லோருக்கும் சாயா ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார். போனபோது வாசலில் மாக்கோலம். உள்ளே நாற்காலிகள், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. எனக்கும் திரேசாவுக்கும் மாலை. அதன் பிறகு உப்புமா, காபி, இரண்டு சின்னப் பெண்கள் இறைவணக்கம் பாடினார்கள். சுலைகாவின் நாற்காலி மட்டும் காலி. "அவளுக்கு இன்னிக்கு என்னவோ தடங்கல்" என்றார் கோமதி அம்மாள். பின்பக்கத் தாழ்வாரத்தில், சாரல் படாமல் சுவரோடு ஒட்டி, ஏழெட்டுப் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

காபி முடிந்ததும் என்னை எழுப்பி முதல் டம்ளர் பாலைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்திருக்கும் பெரிய மனிதர் முதல் டம்ளரைக் கொடுப்பது அங்கே வழக்கம். உபயம் செய்பவர்களுக்கும் அதே மரியாதை. பிறந்த நாளோ திதியோ, அன்று முதல் டம்ளர் அவர் கையால்தான். வரிசையில் முதலில் இருந்தவர் வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடி, மடியில் ஒரு குழந்தையை வைத்திருந்தார். நான் நீட்டினேன்.

"தாங்க சார். இந்தப் பிள்ளை அழுது, தூங்கி, மறுபடி எந்திரிச்சும் ஆச்சு."

எனக்குப் பின்னால் கோமதி அம்மாள் துப்பட்டியைக் குனிந்து பார்த்தார். "சுலைகா, நீயா?"

"நான்தான் அக்கா. இது எந்தங்கச்சி பிள்ளை. குடிச்சு முடிக்கட்டும், பேசிக்கலாம்."

அரை மணி கழித்து மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். திரேசா முதலில் பேசினார். டம்ளரைச் சாம்பலில் தேய்த்து வெந்நீரில் முக்கும் விதத்தைக் கும்பளங்கிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அடுத்து சுலைகா.

"நான் எடுத்துட்டுப் போறது, இங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் பேரு தெரியுது. என் கூடத்துல நான் எல்லாரையும் 'ஏ புள்ளே'ன்னுதான் கூப்பிடுறேன். இனி பேரு சொல்றேன். உறுத்தினது சொல்லட்டா?"

கோமதி அம்மாள் தலையாட்டிக்கொண்டே சாயா ஊற்றினார்.

"ஆறரைக்குப் பின்வாசல் வழியா வந்தேன். ஏழு மணிக்கே பால் காஞ்ச வாசனை வந்துடுச்சு. ஆனா யாரும் ஊத்தல. ஏழே முக்காலுக்கு ஒவ்வொருத்தியா பிள்ளையைத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க, இன்னிக்கு வேலை இல்லாத ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். எட்டு மணிச் சங்குக்கு முன்னால கிடங்குல நிக்கலைன்னா அன்னிக்கு வேலை இல்ல. பால் யாருக்குக் காத்திருக்குன்னு கேட்டேன். 'யாரோ பெரியவரு வராரு, அவரு கைதான் முதல்ல'ன்னாங்க. இன்னிக்கு மட்டுமான்னேன். 'மாசத்துல பாதி நாளு யாருக்காவது பொறந்த நாளு, இல்லைன்னா திவசம்'னாங்க."

திரேசா என்னைப் பார்த்தார். நான் கழுத்திலிருந்த மாலையைப் பார்த்தேன்.

"ஆறு தடவையும் நான் அந்த நாற்காலியில உக்காந்து உப்புமா தின்னேன், அக்கா. நல்ல உப்புமா. அதனாலதான் ஒண்ணும் தெரியல."

கோமதி அம்மாள் வாயைத் திறந்தார்.

"மாமி, சாயா" என்றார் திரேசா.

டம்ளர் நிரம்பிப் பாயில் வழிந்துகொண்டிருந்தது. கோமதி அம்மாள் துடைத்தார். அடுத்த டம்ளரை எடுத்தார்.

வியாழக்கிழமை திரேசாவோடு கும்பளங்கிக்குப் போனேன். பஸ்ஸில் முக்கால் மணி, பிறகு ஒரு வள்ளம். கடவுக் கூலி ஐந்து பைசா. சீன வலைகள் வரிசையாகத் தலைகுனிந்து நின்றன. பதினைந்து குழந்தைகள் ஓலைக் கூரையின் கீழ் தூங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் பயத்தால் முன்பெல்லாம் வெளிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வாராம். மீன் விற்று நேரத்தோடு திரும்பிய தாய்மார்கள் வேலிக்கு வெளியே நின்று பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். அதைக் கண்டு சொன்னவர் கோமதி அம்மாள்.

"எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. மாமியோட மூஞ்சி காணவே வேண்டான்னு தோணிச்சு. மூணாம் நாள் சாவியை வெளிய ஆணியில மாட்டினேன்" என்றார் திரேசா. "இன்னிக்கு மாமிக்கு முதல் நாள். பாவம்."

மாலை மட்டாஞ்சேரியில் கோமதி அம்மாளைப் பார்த்தேன். அன்று காலை ஆறரைக்கே பால் ஊற்றியிருந்தார். விஷயம் தெரியாததால் வந்தவர்கள் கொஞ்சம்தான். மறுநாளைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. மிளகு வியாபாரி ஒருவருடைய தாயாரின் திதி. கமிட்டித் தலைவரும் அவரே, நிலையத்தை மூடலாம் என்று சொன்னவரும் அவரே. காலை ஒன்பது மணிக்கு வந்து முதல் டம்ளர் கொடுப்பார்.

"அவருக்காகப் பாலை நிறுத்தி வெச்சா யாரும் வரப்போறதில்லை. நிறுத்தாம கொடுத்தா அவருக்குக் கோபம் வரும், ஞாயித்துக்கிழமை மூடிடுவார். ரெண்டு வழியும் ஒரே வழியாக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த சுலைகா, "கொடுக்கிறதா இருந்தா நான் கிடங்கு வாசல்ல சொல்லிட்டு வரேன்" என்றார். கோமதி அம்மாள், "போய்ச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் ஆறரைக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். தாழ்வாரம் நிறைந்து, வரிசை மழையில் சந்து வரை நீண்டிருந்தது. எட்டு மணிச் சங்குக்கு முன்பே அண்டா காலி.

வியாபாரி ஒன்பது மணிக்குக் கல்கண்டுக் கூடையோடு வந்தார். வெறும் தாழ்வாரத்தைப் பார்த்தார்.

"என்ன மாமி, ஒருத்தரும் வரலையே. நான் சொன்னது சரியாப் போச்சா?"

"எல்லாரும் வந்து குடிச்சுட்டுப் போயிட்டா." கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களைக் காட்டினார். பலகை கொள்ளாமல் தரையிலும் அடுக்கியிருந்தது. "உங்க அம்மா பேரைச் சொல்லித்தான் ஊத்தினேன்."

"என் கையால கொடுக்கறதுன்னு..."

"எட்டு மணிச் சங்குக்குள்ள அவா கிடங்குக்குப் போகணும். உங்க கிடங்குக்கும்தான்."

அவர் டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். குடையிலிருந்து தண்ணீர் செருப்பில் சொட்டியது. பிறகு கூடையைக் கோமதி அம்மாளிடம் கொடுத்தார்.

"இதை நாளைக்குக் காலையில கொடுத்துடுங்க. எத்தனை மணிக்கு, ஆறரையா?"

"ஆறரை."

"ஞாயித்துக்கிழமை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்." செருப்பை உதறிக்கொண்டு நடந்தவர், சந்து முனையில் திரும்பி, "அம்மா இருந்தா அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருப்பா" என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடியில் போனால் குடையோடு மாற்று வேட்டி இரண்டு வேண்டும், எதுவும் காயாது. கும்பளங்கியிலிருந்து கடைசி வள்ளம் இருட்டுவதற்குள் போய்விடும். சங்கம் பார்க்கப் போவதானால் வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முன்வாசல் வழியாகப் போகாதீர்கள். உங்கள் ஊரில் இதைத் தொடங்கினால் மூன்று சங்கம் போதும், பெரிய மாநாடு வேண்டாம். மற்ற விதிகளை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரி அன்று பதில் சொல்லக் கூடாது என்பதை மட்டும் விடாதீர்கள். அவருக்குக் கையில் ஏதாவது வேலை கொடுங்கள்.

சனிக்கிழமை காலை, படகுக்கு முன் விடைபெற்றுக்கொள்ளப் போனேன். வரிசை பாதி நகர்ந்திருந்தது. கோமதி அம்மாள் கரண்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை பழக்கத்தில் நாற்காலிப் பக்கம் போயிற்று, திரும்பி அண்டாவுக்கு வந்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ சார். வரிசை முடியட்டும்."

முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ சங்கங்கள் எனக்கு நாற்காலி போட்டிருக்கின்றன. அந்தக் காலை தாழ்வாரத்தின் ஓரத்தில், கல்கண்டை மென்றுகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பின்னால், சாரலில் நின்றேன். படகு போய்விட்டது. அடுத்த படகில் வந்தேன். நாற்காலி போடாத கோமதி அம்மாளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் அந்தப் படகில் ஏறிய பிறகுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.